அம்பாசிடருக்கு எந்த எஞ்சின்?

உடம்பு கெட்டியாக இருக்க, எஞ்சின் மாத்திரம் தளர்ந்துபோன ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு, அதை விற்கவும் மனமின்றி, தினந்தோறும் அதிலேயே வேலைக்குப் போய்வர வேண்டிய அவசியமும் உள்ள ஒருவர், இனி எந்த எஞ்சினை அதில் பொருத்தலாம் என்று நாலு பேரிடம் விசாரிக்கத் தொடங்கினால், அவருக்குக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை குதிரைசக்தியைப் பற்றியும் மைலேஜைப் பற்றியுமே இருக்கும். இரண்டும் முக்கியமான விஷயங்களே. ஆயினும் தினசரி ஓடும் காருக்கு அவை இரண்டாம் பட்சம். காலையில் சாவியைத் திருப்பியதும் புறப்பட வேண்டும். மழையிலும் நெரிசலிலும் நின்றுபோகாமல் சாயங்காலம் வீடு வந்து சேர வேண்டும். என்றாவது பழுது கண்டால், பக்கத்துப் பட்டறையில் இருக்கும் மேஸ்திரிக்குத் தெரிந்த வேலையாகவும், மறுநாளைக்குள் கிடைக்கக்கூடிய சாமானாகவும் அது இருக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் முதலில் வைத்து, சக்தியையும் சிக்கனத்தையும் அவற்றுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தால், பலரும் ஆவலோடு சிபாரிசு செய்கிற எஞ்சின்கள் ஒவ்வொன்றாக விலகிப்போவதையும், காரோடு பிறந்த எஞ்சினும் அதன் நெருங்கிய பந்துக்களுமே கடைசியில் மிஞ்சி நிற்பதையும் காணலாம்.

இந்த விஷயத்தைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட வண்டியை முன்னிறுத்திப் பேசுவது உசிதம். அதற்கு அம்பாசிடரைக் காட்டிலும் தகுந்த உதாரணம் நம் தேசத்தில் கிடையாது. 1942-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, மேற்கு வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகே உள்ள உத்தர்பாராத் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு, 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கிய இந்தக் கார், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரையில், முகப்பிலும் உள் அலங்காரத்திலும் சில மாறுதல்களைத் தவிர, ஏறக்குறைய ஒரே உடம்போடு வாழ்ந்தது. அந்த ஒரே உடம்புக்குள் கம்பெனியே பல எஞ்சின்களை மாற்றி மாற்றி வைத்தது. ஆரம்பத்தில், வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த 1476 சி.சி. எஞ்சின், அதை அடுத்துச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, வால்வுகள் தலையில் அமைந்த 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின், 1970களின் இறுதியை ஒட்டி அதே குடும்பத்து 1489 சி.சி. டீசல், 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு வடிவமைப்பில் 1817 சி.சி. பெட்ரோல், பின்னர் இசுசு வழியில் இரண்டு லிட்டர் டீசல். ஆகவே, ஒரு பழைய அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்ற விரும்புகிறவருக்குத் தொழிற்சாலையின் சரித்திரமே ஒரு பாடப் புத்தகமாக இருக்கிறது.

எஞ்சினைத் தேடிப் புறப்படுவதற்கு முன்னால், உள்ள எஞ்சின் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் பணத்தைச் செலவழித்தவர்கள் ஏராளம். புகையின் நிறம் முதல் சாட்சியம். கறுத்த புகை வந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை அளவுக்கு மீறி ஊட்டுகிறது என்பதே பெரும்பாலும் அர்த்தம். எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. அது ஹெட் கேஸ்கட்டோடு முடிகிற வேலையாகவும் இருக்கலாம். நீலப் புகைதான் ஆயில் எரிவதைக் காட்டுவது. அதிலும், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு தடவை குபீரென்று கக்கிவிட்டு ஓய்ந்துபோகிற நீலப் புகைக்கு வால்வு கைடுகள் காரணமாக இருக்க, மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடாமல் தொடர்கிற நீலப் புகைக்குப் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர்களும் காரணமாக இருக்கின்றன.

புகையைக் கண்டு ஊகித்ததைக் கம்ப்ரெஷன் கேஜைக் கொண்டு ஊர்ஜிதம் செய்துகொள்ளலாம். பிளக்குகள் நான்கையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டராக எடுத்துப் பார்க்கும்போது, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கட் எரிந்திருக்கிறது என்றும், ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அங்கே வால்வு சரியாக உட்காரவில்லை என்றும் சந்தேகிக்கலாம். குறைந்திருக்கிற சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குற்றம் ரிங்குகளுடையது; ஏறாவிட்டால் வால்வுகளுடையது. வால்வு வேலைக்கு ஹெட்டை மாத்திரம் கழற்றினால் போதும், எஞ்சினையே இறக்கவேண்டியதில்லை. நான்கு சிலிண்டர்களும் ஒருசேரத் தளர்ந்து, ஆயில் பிரஷரும் விழுந்து, கீழேயிருந்து பேரிங் தட்டும் ஓசையும் கேட்டால்தான் நமது கேள்வி உண்மையில் ஆரம்பமாகிறது.

அப்போதும் முதலாவது யோசிக்க வேண்டியது அதே எஞ்சினைப் புதுப்பிப்பதைத்தான். பி-சீரிஸ் எஞ்சின் புதுப்பிக்கப்படுவதற்கென்றே உருவானது போல அவ்வளவு நேர்மையான அமைப்புடையது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பக்கத்தில் கேம்ஷாஃப்ட், தள்ளுகோல்கள், மூன்று மெயின் பேரிங்குகள், இவ்வளவுதான். சிலிண்டரின் உட்குறுக்களவு 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். ஹெட்டைக் கழற்றிய பிறகு, சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து நகத்தை உள்நோக்கி இழுத்துப் பார்த்தால், ரிங் எட்டாத இடத்துக்கும் எட்டித் தேய்த்த இடத்துக்கும் நடுவே ஒரு சிறு படி தட்டுப்படும். அந்தப் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு தேய்மானம். நகத்தில் லேசாகத்தான் உணரப்படுகிறதென்றால் ஹோன் செய்து புது ரிங் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்; நகம் சிக்கி நிற்கிறதென்றால் போர் அடித்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டே ஆக வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து 20, 40, 60 என்று பட்டறைகளில் வழங்குகிற சைஸ்களில், கடைசிச் சைஸுக்குப் போனாலும் எஞ்சினின் கொள்ளளவு 1550 சி.சி. சுமாருக்குத்தான் உயருகிறது. ஆகையால் சைஸ் ஏறுவதால் சக்தி கூடும் என்று எண்ணிக்கொண்டு அவசியமின்றிப் பெரிய சைஸுக்குத் தாவுவது, பிளாக்கின் ஆயுளில் ஒரு பகுதியை வீணாகச் சீவி எறிவதாகும். எல்லாச் சைஸும் தீர்ந்த பிளாக்குக்கும் ஸ்லீவ் இறக்கி மறுபடி ஆரம்ப அளவுக்குக் கொண்டுவர வழியிருக்கிறது.

ஹெட்டைப் பிரித்திருக்கும் இந்தச் சமயத்தில் செய்தே தீரவேண்டிய ஒரு காரியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த எஞ்சின் உருவான காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரிந்த ஈயம் வால்வு சீட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, சூட்டில் வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டித் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நம் தேசத்தில் ஈயப் பெட்ரோல் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு, வார்ப்பிரும்பிலேயே வெட்டிய சீட்டுகளில் வால்வு சிறிது சிறிதாக உள்ளே அமிழ்ந்துகொண்டு போகிறது. டேப்பட் இடைவெளி சாதாரணமாக நாளடைவில் அதிகமாக வேண்டியதற்கு மாறாக, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் குறைந்திருந்தால் இதுதான் காரணம் என்று அறியலாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கெட்டிப்படுத்திய சீட்டுகளைச் செருகிவிட்டால் இந்தக் கவலை ஒழிந்தது. இதோடு கூடவே, இக்காலத்துப் பெட்ரோலில் கலந்து வருகிற எத்தனாலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்தியே உடைய எத்தனால், பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்பின் டயாபிரத்தையும் ஊறவைத்துக் கெடுப்பதால், எஞ்சினைப் புதுப்பிக்கும்போது டாங்கி முதல் கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றி, கார்புரேட்டரின் ஜெட்டையும் அதற்கேற்றபடி திருத்திக்கொள்வது உத்தமம்.

புதுப்பிப்பதில் உள்ள கஷ்டம் காலம்தான். பிளாக்கும் கிராங்க்கும் லேத்துக்குப் போய்த் திரும்பி வருகிற வரையில் வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும்; தினசரி அதை நம்பியிருப்பவருக்கு அது சிரமம். ஆகவேதான் இரண்டாவது வழியாக, அதே இனத்து எஞ்சின் ஒன்றை வேறிடத்தில் வாங்கி, பழையதை இறக்கிய கையோடு இதை ஏற்றிவிடுவது வழக்கத்தில் இருக்கிறது. சென்னையில் எழும்பூருக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பேட்டை, பழைய கார்ச் சாமான்களுக்கு நெடுங்காலமாகப் பேர்போன இடம். அங்கே எஞ்சின் வாங்கப் போகிறவர், ‘ரன்னிங் கண்டிஷன் சார்’ என்ற உத்தரவாதத்தைக் காதில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணையும் கையையும் நம்புவது மேல். ராக்கர் கவரின் மூடியைத் திறந்து அதன் அடியில் பாலாடை போன்ற வெளுத்த பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன் கப்பியைப் பிடித்து எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், எங்கேயாவது பிடிக்கிறதா, எங்கேயாவது வழுக்கென்று ஓடுகிறதா என்பது தெரியும். கப்பியை முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தால் கிராங்க்கின் நீளவாட்டு ஆட்டம் புலப்படும். சம்ப்பின் போல்ட்டுகள் அண்மையில் கழற்றப்பட்டிருந்து கேஸ்கட் மட்டும் புதிதாக மின்னினால், உள்ளே யார் எதற்காகக் கை வைத்தார்கள் என்று கேட்பது நியாயம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பர். அது அரத்தால் தேய்க்கப்பட்டதாகவோ, எழுத்துகள் வரிசை தவறிப் புதிதாக அடிக்கப்பட்டதாகவோ தோன்றினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த எஞ்சினைத் தொடக் கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்டுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் நிர்ணயித்தவற்றுக்கு முரண்படும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. அனுமதியின்றி நேர்ந்த மாறுதலைப் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. பத்து வண்டிகளுக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்களுக்கு, அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினை முன் அனுமதியின்றி மாற்றிக்கொள்ளும் உரிமையை மாநில அரசு வழங்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்லுகிறது. ‘அதே தயாரிப்பு, அதே வகை’ என்ற இந்தச் சொற்றொடரில் சட்டத்தின் மனப்போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த இடமில்லை என்று தீர்ப்பளித்தது. எஞ்சினை விற்றவரிடம் ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்கி வைத்துக்கொண்டு, புது நம்பரை நம் ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டால், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரரோடு வாதாட வேண்டிய நிலைமை வராது.

மூன்றாவது வழி, பழைய அம்பாசிடருக்குள் இசுசு 1817 சி.சி. எஞ்சினை ஏற்றுவது. கம்பெனியே செய்த காரியமாதலால் இதில் ஒரு கௌரவம் இருக்கிறது. சுமார் 50 குதிரைசக்தி இருந்த இடத்தில் சுமார் 75 கிடைக்கிறது. தலைக்குமேல் கேம்ஷாஃப்ட் அமைந்த எஞ்சினாதலால் வேகத்தில் ஓசையும் அதிர்வும் குறைவு. ஆனால் கம்பெனி இதைச் செய்தபோது எதையெதை மாற்றியது என்று கவனித்தால் இதன் உண்மையான விலை தெரியவரும். ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருந்த நான்கு கியர் நெம்புகோல் போய், தரையில் நிற்கும் ஐந்து கியர் பெட்டி வந்தது. அதற்காகத் தரையில் துவாரமும் மூடியும் வேண்டும். கியர்ப் பெட்டியின் நீளம் மாறும்போது பின்னச்சுக்குப் போகிற ஷாஃப்ட்டின் நீளமும் மாறியாக வேண்டும். எஞ்சின் மவுண்டிங், கிளட்ச் இணைப்பு, எக்ஸாஸ்ட் குழாய், ரேடியேட்டர் ஹோஸ்கள் எல்லாம் வேறு. அதோடு, அலுமினிய ஹெட் பொருந்திய எஞ்சின், தண்ணீர் குறைந்து ஒரு தடவை கொதித்தாலும் வார்ப்பிரும்பைப்போலப் பொறுத்துக்கொள்ளாது. பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. அத்துடன், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உடைய பழைய வண்டிக்கு ஒன்றரை மடங்கு சக்தியைக் கொடுத்துவிட்டு, நிறுத்தும் சாதனத்தை மட்டும் பழையபடியே வைத்திருப்பது குடும்பத்தோடு பிரயாணம் செய்கிறவர் செய்யத்தக்க காரியம் அன்று.

எஞ்சின் ஒருபோதும் தனியாக ஒரு வண்டிக்குள் நுழைவதில்லை என்பதே இந்த ஆராய்ச்சியின் மையமான உண்மை என்று நான் கருதுகிறேன். அது தனக்குரிய கியர்ப் பெட்டியையும், குளிர்விக்கும் சாதனத்தையும், பிரேக்கையும், மின்சார அமைப்பையும் கூடவே கேட்கிறது. கேட்பதைக் கொடுக்காவிட்டால் அந்தப் பாக்கியை, வண்டியில் எந்த உறுப்பு மிகவும் பலவீனமானதோ அதனிடமிருந்து வசூலித்துக்கொள்கிறது. ஆகையால் முழு வண்டியாக விபத்துக்குள்ளாகி, உடம்பு நொறுங்கி, எஞ்சின் பாகங்கள் மட்டும் பிழைத்த ஒரு 1800 அம்பாசிடர் கைக்குக் கிடைத்து, அதன் எஞ்சின், கியர்ப் பெட்டி, ஷாஃப்ட், ரேடியேட்டர், முன் பிரேக்குகள் யாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்ற முடியுமானால், பதிவு அதிகாரியின் இசைவையும் பெற்றுக்கொண்டு, தாராளமாகச் செய்யலாம். எஞ்சினை மட்டும் தனியாக வாங்கி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இவ்விடத்தில், எஞ்சினும் உடம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமற்போனால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஹெரால்டு, கஸல் முதலிய கார்களைச் செய்து நற்பெயர் எடுத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1980களின் நடுவில், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.-1 என்ற அழகிய பெரிய காரின் உடம்பை வாங்கிவந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் வெளியிட்டது. அந்த உடம்பு எட்டு சிலிண்டர் எஞ்சினையும் ஏந்துவதற்காக உருவானது. அதற்குள் இவர்கள் வைத்ததோ, பழைய வான்கார்டு காலத்து வம்சத்தைச் சேர்ந்த இரண்டு லிட்டர் எஞ்சின். விலையோ அதிகம், ஓட்டமோ மந்தம், பெட்ரோல் செலவோ வாங்கியவர்களைத் திகைக்க வைத்தது. சில ஆண்டுகளிலேயே அந்தக் காரும், அதை ஒட்டிக் கம்பெனியின் கார் உற்பத்தியும் நின்றுபோயின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸாரே, வாக்ஸால் விக்டரை மூலமாகக் கொண்ட கான்டெஸ்ஸாவின் பெரிய உடம்புக்குள் ஆரம்பத்தில் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினை வைத்து, அது இழுக்கத் திணறியதைப் பார்த்த பிறகே இசுசு எஞ்சினுக்கு மாறினார்கள். தொழிற்சாலையும் இன்ஜினீயர்களும் உடையவர்களுக்கே இந்தக் கதி என்றால், பட்டறை முற்றத்தில் ஒரு செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு வேலை செய்கிறவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

டீசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் மிகப் பெரியது. ஆகவே மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினைக் கழற்றி அம்பாசிடரில் ஏற்றுவது டாக்ஸிக்காரர்களிடையே சர்வ சாதாரணமாக இருந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; நாள் முழுவதும் ஓடினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது நியாயமான கணக்கு. கம்பெனி தந்த 1489 சி.சி. டீசல், 40 குதிரைசக்திக்கும் குறைவாகவே கொடுத்து, நாலு பேரும் மூட்டைகளுமாகச் சேர்வராயன் மலை ஏறுகையில் பொறுமையைச் சோதிக்கக்கூடியது. ஆகையால் பெரிய டீசலை நாடியதிலும் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கின் அஸ்திவாரமே இப்போது பெயர்ந்துவிட்டது. 2010 ஜூனில் பெட்ரோலின் விலைக் கட்டுப்பாடும், 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாடும் நீங்கிய பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிட்டது. எஞ்சினின் பளுவோ சுருங்கவில்லை. அம்பாசிடரின் முன் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குக் கம்பிகளால் ஆன சஸ்பென்ஷன். கனமான டீசலை ஏற்றியதும் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். முறுக்குக் கம்பியைத் திருத்தி வைத்து உயரத்தைச் சரிசெய்யலாமே தவிர, ஸ்டீயரிங் கனப்பதையும், முன் டயர் தேய்வதையும், மவுண்டிங்குகள் அறுந்துபோவதையும் அதனால் தடுக்க முடியாது. தில்லித் தலைநகர்ப் பிரதேசத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள்மீது எழுந்த தடையையும் நினைத்துப் பார்த்தால், இன்று பெட்ரோல் காரை டீசலாக்குவதில் எந்த லாபமும் எனக்குத் தென்படவில்லை.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி சற்று வேறு விதமாக அமைகிறது. ஜப்பானில் கார் பழையதாக ஆக, இரண்டு வருஷத்துக்கொரு முறை செய்யவேண்டிய கட்டாயப் பரிசோதனையின் செலவு பாரமாகிறது. ஆகையால் அதிகம் ஓடாத வண்டிகளும் அங்கே கழிக்கப்பட்டு, அவற்றின் எஞ்சின்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ‘ரீகண்டிஷன்’ எஞ்சின் என்று இலங்கைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. ஜப்பானியக் காருக்கு ஜப்பானிய எஞ்சின் என்ற அளவில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால், மின்னணுச் சாதனத்தால் எரிபொருள் பீச்சப்படும் இக்காலத்து எஞ்சினை ஒரு கார்புரேட்டர் காலத்துக் காருக்குள் கொண்டுவருவது வேறு சங்கதி. கட்டுப்பாட்டுப் பெட்டியும், முழு ஒயரிங்கும், டாங்கிக்குள் அழுத்தமான பம்பும், பெட்ரோல் திரும்பிவரத் தனிக் குழாயும், அநேக சென்ஸார்களும் அதனோடு வரவேண்டும். எங்கேயோ ஒரு சென்ஸார் மௌனமானால் வண்டி நடுரோட்டில் நிற்கும். சுற்றுப்புறத்தில் உள்ள எந்த மேஸ்திரிக்கும் அந்த ஒயரிங்கின் வரைபடம் தெரிந்திராது. வண்டியும் ஒரு கம்பெனி, எஞ்சின் இன்னொரு கம்பெனி, ஒயரிங் யாரோ ஒருவருடைய கைவேலை என்று ஆகிவிட்ட காருக்குப் புத்தகமும் இல்லை, வாரிசும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார், மாற்றுகிற எஞ்சின் காரின் வருஷத்தைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்றும், அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அனைத்தும் கூடவே பொருத்தப்பட வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். எஞ்சின் ஒரு தொகுதியின் அங்கமே என்ற கொள்கையைச் சட்டமாகவே ஆக்கிய இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

சாமான் கிடைப்பதைப் பற்றி ஓர் ஆச்சரியமான உண்மை உண்டு. புதிய எஞ்சினுக்குச் சாமான் சுலபமாகவும் பழையதற்குக் கஷ்டமாகவும் கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அம்பாசிடர் விஷயத்தில் இது பெரிதும் தலைகீழ். இசுசு எஞ்சினுக்குரிய உறுப்புகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸாரை நம்பியே வாங்கிவந்தோம். அவர்கள் உற்பத்தியை நிறுத்திய பிறகு கடைகளில் தேங்கிய இருப்பே மிச்சம். பி-சீரிஸ் எஞ்சினோ, இங்கிலாந்தின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் 1955 முதல் ஓடியதும் இதே 1489 சி.சி. எஞ்சினாதலாலும், அதன் பெரிய சகோதரனான 1798 சி.சி. எஞ்சின் எம்.ஜி.பி. கார்களில் லட்சக்கணக்கில் பொருத்தப்பட்டதாலும், உலகம் முழுவதும் அவற்றைப் பேணுகிறவர்களுக்காக இன்றும் பிஸ்டன், பேரிங், கேஸ்கட், வால்வு முதலியவை புதிதாகத் தயாராகின்றன. உள்ளூரிலும், ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த எஞ்சின் ஊர்தோறும் ஓடிய காரணத்தால், சிறு நகரங்களின் பழைய ஆட்டோமொபைல் கடைகளில் தூசி தட்டினால் அதன் உறுப்புகள் கிடைக்கும். மதுரையிலோ சேலத்திலோ நரைத்த தலையுடைய மேஸ்திரி ஒருவரிடம் வண்டியை விட்டால், அவர் பானெட்டைத் திறக்குமுன்பே ஓசையைக் கேட்டு டேப்பட்டா, டைமிங் செயினா என்று சொல்லிவிடுவார். இந்த ஞானமும் ஒரு சாமான்தான். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறுவதைச் சட்டம் தனி விலக்காக அங்கீகரிக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியைக் கொண்டு இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். எல்.பி.ஜி. வறண்ட எரிபொருளாதலால் வால்வு சீட்டின் தேய்மானம் முன்னே சொன்னதைவிடத் துரிதப்படும். சீட்டை மாற்றாமல் கிட் போடக் கூடாது. தளர்ந்த எஞ்சினுக்கு அது பரிகாரமும் ஆகாது. மின்சார மோட்டார், நகரத்துக்குள் மட்டும் ஓடி இரவில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு மிக நன்றாகப் பொருந்தும். அம்பாசிடரின் விசாலமான பானெட்டும் டிக்கியும் பாட்டரிகளுக்கு இடம் கொடுக்கும். செலவு, பல எஞ்சின்களைப் புதுப்பிக்கும் செலவுக்குச் சமம் என்பதுதான் இன்றைய தடை. விலை இறங்குமானால் இந்தக் கட்டுரையின் முடிவையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதை நான் சந்தோஷத்தோடு வரவேற்பேன்.

இப்போதைக்கு, தினசரி ஓட்டும் பழைய அம்பாசிடருக்கு நான் சொல்லும் வழி இது: பிளாக் நன்றாக இருந்தால் அதையே புதுப்பிக்க வேண்டும், வண்டியை நிறுத்தி வைக்க முடியாதென்றால், அதே 1489 சி.சி. எஞ்சின் இன்னொன்றை ரசீதோடு வாங்கி, அதை ஓய்வாகப் புதுப்பித்து வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை இறக்கி ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிட வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினை விற்காமல் வைத்திருப்பது, அடுத்த முறைக்கான பிளாக்கையும் ஹெட்டையும் வைத்திருப்பதாகும்.

ஏற்றிய பிறகு செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் 800 கிலோமீட்டர் வரையில் வண்டியை விரட்டவும் கூடாது, டாப் கியரில் மெல்ல உருட்டி எஞ்சினைத் திணற விடவும் கூடாது. வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால்தான் ரிங்குகள் சிலிண்டரில் நன்றாகப் படியும். இந்தச் சமயத்தில் விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் வேண்டாம். சாதாரண மினரல் ஆயிலே ரிங்குகளுக்கு நல்லது. பிற்பாடும், இக்காலத்து ஆயில்களில் துத்தநாகக் கலவை குறைந்துவருவதால், பழைய மாதிரி டேப்பட்டும் கேம்ஷாஃப்ட்டும் உடைய இந்த எஞ்சினுக்கு அந்தக் கலவை போதிய அளவுள்ள ஆயிலாகப் பார்த்து வாங்க வேண்டும். 800 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் வரிசைக் கிரமப்படி மறுபடி இறுக்கி, நட்டுகளை இறுக்கியதால் இடைவெளி மாறியிருக்குமாதலால் டேப்பட்டுகளை அதற்குப் பின்பே வைக்க வேண்டும். வரிசையை மாற்றி, டேப்பட்டை முதலில் வைத்து ஹெட்டைப் பிறகு இறுக்கினால், வால்வு முழுவதும் மூடாமல் எரிந்துபோகும்.